மாங்கூழின் சூட்டைச் சொன்ன பெட்டி

கம்ப்யூட்டருக்கு எண்தான் தெரியும், சூடு தெரியாது. சூட்டை எண்ணாக்கிக் கொடுக்கும் பெட்டி செய்வதே எங்கள் பிழைப்பாக இருந்தது. ஈயம் பற்றவைக்கும் புகையில் கண் கரித்த, இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு அதன் சுகமும் தெரியும், வயிற்றெரிச்சலும் தெரியும்.

முதல் பெட்டி

கம்ப்யூட்டர்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த வருஷங்கள். டிப்ளமா முடித்த நானும், கூடப் படித்த கார்வேட்டிநகரம் சேகரும் திருப்பதியில் ஓர் அறை எடுத்தோம். சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரி முதல் வேலை தந்தது. அங்கே கன்னியம்மா என்ற தொழிலாளி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இரும்பு ஏணி ஏறி, ஆவிக்குள் முகம் கொடுத்து, கூழ் கொதிக்கும் கொப்பரையின் சூட்டைப் படித்துவிட்டு வருவார். மணிக்கட்டெல்லாம் வெந்த தழும்பு. இனி ஏணி ஏற வேண்டாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தோம்.

கொப்பரையில் வைத்த சென்சாரிலிருந்து கம்பியை எங்கள் பெட்டி வழியே நேராகக் கம்ப்யூட்டருக்கு இழுத்திருந்தோம். பக்கத்தில் பெரிய மோட்டாரைப் போட்டதும் அதன் மின்சாரம் எங்கள் கம்பி வழியே ஏறி வந்துவிட்டது. திரை ஒருமுறை பளிச்சென்று மின்னிச் செத்தது. கரிந்த வாசனை மாம்பழ வாசனையோடு கலந்தது. கன்னியம்மா ஏணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சூடு எவ்ளோன்னு சொல்ல சொன்னா, உங்க பெட்டி கம்ப்யூட்டரையே கொளுத்திட்சேம்மா."

நடுவில் ஓர் இடைவெளி

மேனேஜர் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தந்தார். இந்த முறை பெட்டிக்குள் இரண்டு பக்கம் வைத்தோம்: கொப்பரைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று, தனித்தனி மின்சாரம். நடுவே ஒரு கம்பிகூடக் கடக்காது. நகமளவு சில்லு ஒன்றுக்குள் சின்ன வெளிச்சம் துடிக்கும். சூடு ஏற ஏற வேகமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பை மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் எண்ணிக்கொள்ளும். எங்கள் திருப்பதி அறையின் ஜன்னலுக்கு வெளியே அலிபிரி மலை மேகத்துக்குள் போய்ப் போய் வரும். டம்ளர் வெந்நீரில் சென்சாரைப் போட்டுவிட்டு, எண் மெல்ல ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

ஒருநாள் சோதித்தபோது, சேரக்கூடாத இரண்டு பக்கமும் சேர்ந்திருப்பதாக மீட்டர் கூவியது. சேகர்தான் கவனமில்லாமல் நடுவே ஒரு கம்பியைப் பற்றவைத்திருந்தான். அப்படியே கொண்டுபோயிருந்தால் இன்னொரு கம்ப்யூட்டரும் போயிருக்கும். திட்ட வாயெடுத்தேன். அமெரிக்க விசா வந்துவிட்டது என்று அப்போதுதான் சொன்னான். "கை இங்கதான் இருந்திச்சி. நான் எப்பவோ அங்க பூட்டேன்."

ஏணிக்குக் கீழே

சேகர் விமானம் ஏறிய வாரமே, அந்தக் கம்பியை எடுத்துவிட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் தனியாகப் போனேன். மாந்தோப்புகள் கனவில் வருவதுபோல நகர்ந்துகொண்டிருந்தன. பேக்டரியில் எல்லாவற்றையும் மாட்டி, மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் கரியவில்லை. கண்ணைத் திறந்தபோது எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா நம்பாமல் ஏணி ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். மேலே படித்த எண்ணும் திரையில் இருந்த எண்ணும் ஒன்றுதான். இனி இங்கிருந்தே எழுது என்று மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். அதன் நுனியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து நோட்டில் எழுதியவர், கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சாய்ந்துகொண்டார். "கால் மணியா உக்காந்துகினு கீறேன். ஏன்னு யாரும் கேக்கல."

ஒழுங்காக வேலை செய்கிற பெட்டியைச் செய்தவரை அப்புறம் யாருமே கூப்பிடமாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே கஷ்டம்.