மகளுக்கென்று கட்டிய குளியலறை

மகளுக்குக் கல்யாணமான வருடம், ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். உள்ளேயே குளியலறை, வெள்ளை டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், ஹீட்டர். மகளும் மருமகனும் வந்தால் தங்குவதற்கு. அவர்கள் வருகிறார்கள் என்றால் முதல்நாளே கழுவிவிடுவேன். கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனதும் மறுபடி கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்துப் பூட்டிவிடுவேன். வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான்.

போன பொங்கலுக்கு அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். மகள் மாசமாக இருந்தாள். ஆசையாக அந்த அறையைத் திறந்துவிட்டேன். உள்ளே போன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தாள். சாக்கடை வாடை. அன்றிரவு புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் படுத்துவிட்டு, விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

"அந்த வாடை இன்னும் வயித்தப் பெரட்டுதும்மா. பிரசவத்த அங்கனயே பாத்துக்கிறலாம்னு அத்தையும் சொல்றாக" என்றாள், காரில் ஏறும்போது.

எனக்குச் சுருக்கென்றது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை, காரணம் கக்கூஸ் வாடை என்றால் ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது? ஊரை விடுங்கள், எனக்கே தாங்காது. வளைகாப்புக்குள் அந்த வாடையை ஒழித்தே தீருவது என்று இறங்கினேன்.

ஒழிப்பதென்றால் அது அகப்பட வேண்டுமே! பினாயில் ஊற்றினால் போய்விடும். பூட்டிவைத்துக் கொஞ்ச நாள் கழித்துத் திறந்தால் குப்பென்று அடிக்கும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம், நிறையவில்லை. எலி செத்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில், பரண் மேல் எல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை.

சின்னமனூரிலிருந்து பிளம்பரை வரச்சொன்னேன். வெளியாள் வரும்போது வீட்டை நாற விட்டுவைப்போமா? காலையிலேயே வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அவர் வந்து மூலைக்கு மூலை குனிந்து மோந்து பார்த்தார்.

"அக்கா, நல்லாத்தான இருக்கு?"

எனக்கும் ஒன்றும் அடிக்கவில்லை. மாசியில் மறுபடி வாடை, மறுபடி அதே பிளம்பர், அதற்கு முன்னால் அதே கழுவல். இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

"ஏ புள்ள, ஒன் மூக்கக் கொண்டுபோய்க் காட்டு" என்று சிரித்தார் வீட்டுக்காரர். அடுப்படிக்குப் போய்ப் பெருங்காயத்தை மோந்து பார்த்தேன். மூக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அழுகைதான் வந்தது.

பங்குனி வெயிலில் வாடை தானாகவே நின்றுபோனது. ஒரு வாரம் பார்த்தேன், இல்லை. சந்தோஷப்படுவதற்குள் கொக்கியில் வீட்டுக்காரருடைய துண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டேன். தரையெல்லாம் ஈரம்.

"குத்தவச்சு உக்கார முடியல புள்ள. முட்டி வலி உயிர் போகுது. இங்கனதான ஏறி உக்கார்ற மாதிரி இருக்கு" என்றார்.

"புள்ளைக்குன்னு வச்சிருக்கிறது உங்க கண்ணுக்கு உறுத்துதாக்கும்!" என்று கத்தி, துடைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கொஞ்ச நாளில் திறந்தால், பழையபடி அதே நாற்றம்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். மனுஷன் புழங்கினால் வாடை இல்லை, சுத்தமாகப் பூட்டிவைத்தால் நாறுகிறது. இது என்ன கூத்து? தரையில் தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே குழாய் வளைகிற இடம் சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். வளைவில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கிவிட்டது. டேங்கிலிருந்து வரும் காற்றை அந்தத் தண்ணீர்தான் மறித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பூட்டிக் காயப்போட்டிருக்கிறேன்.

உடனே மகளுக்குப் போன் போட்டு முழுக்கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கேட்டாள்:

"அப்பா இம்புட்டு நாளா முட்டி வலியோடயா இருந்தாக?"

"அத விடு. வாடை போயிருச்சு. ரூமு ஒனக்குத்தான். வந்துருவதான?"

"வர்றேன்மா. ஆனா ரூமு அப்பாவுக்கே இருக்கட்டும். பொங்கலுக்கு ஒன் பக்கத்துல படுக்கணும்னுதான் ஓடி வந்தேன். நீ விருந்தாளி மாதிரி பின்னாடி ரூமத் தொறந்துவிட்டுட்டுப் போயிட்ட."