பொடிக் கொட்டைக்கு ஒரு தனிப் பாத்தி

புன்னைக் கொட்டையை ஒரு மணி நேரம் அளைந்தால் போதும்... அந்த எண்ணெய் வாடை ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. சோறு பிசையும்போதும் அதே வாசம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்து நர்சரிக்குப் போவேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை, நர்சரி சூப்பர்வைசர். அப்போதே எனக்கு வாய் ஜாஸ்தி!

கரையோரம் புன்னை வளர்த்து மணலையும் காற்றையும் தடுக்க வேண்டும், அதுதான் வேலை. முதல் வருஷம் கொட்டைகளைக் கலந்துகட்டிப் பைகளில் போட்டோம். பெரிய கொட்டையில் வந்த கன்று வேகமாக எழும்பி, பக்கத்துப் பையிலிருந்த சின்னதை நிழலிலேயே அமுக்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய் நட்டோம். பாதிக்குப் பாதி காய்ந்து, கரை பல் போன வாய் மாதிரி நின்றது.

ஊர்ப் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார். “இன்னும் ஒரு வருசம் பாரும்மா. வரலன்னா எடத்த வுட்டுடு. நாங்க வலை காயப் போட்டுக்கறோம்.”

அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த தடவை தரம் பிரித்துத்தான் போடுவது என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆபீஸில் சல்லடை கேட்டால் வருகிற வழியாக இல்லை. நர்சரியில் வேலை பார்த்த அஞ்சலை, என் வயசுக்காரி, வீட்டுக்குப் போய் ரெண்டு பழைய வலையோடு வந்தாள். ஒன்று பெரிய கண்ணி, ஒன்று சின்ன கண்ணி. கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொட்டைகளைப் போட்டு உருட்டினோம். முதல் வலையில் தங்கியது பெருசு, ரெண்டாவதில் தங்கியது நடுத்தரம், கீழே விழுந்தது பொடி. மீனைக் கரையில் பிரிக்கும்போது குப்பத்துக்காரர்கள் சொல்லும் அதே பேர்கள்.

பொடியைக் குப்பையில் கொட்டச் சொன்னேன். படித்த திமிர்... வேறென்ன!

“இன்னா மேடம் பேசற நீ? பொடி மீனு மாட்னா கடல்லயா கொட்டிட்டு வரோம்? அதுக்குத் தனிக் கூடை கீதுல்ல?”

“சொன்னதைச் செய், அஞ்சலை.”

“சரி சரி, கத்தாத.”

ரெண்டு மாசம் கழித்து பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் போனால், அத்தனை பொடியும் பைகளில் முளைத்து நிற்கிறது! வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிடுங்கச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

பெருசும் நடுத்தரமும் அதனதன் பாத்தியில் சீவிவிட்ட மாதிரி ஒரே உயரத்தில் வந்தன. அடுத்த ஐப்பசி மழையில் கரை முழுக்க நட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தே நாள்... புயல் மழையில் கடல் ஏறி, முன்னால் இருந்த ரெண்டு வரிசையையும் வாரிக்கொண்டு போனது. முன்வரிசை இல்லாவிட்டால் பின்னால் இருப்பதும் உப்புக் காற்றில் தாங்காது. திரும்ப நடப் பாத்தியில் ஒரு கன்று மிச்சமில்லை. இந்த வருஷமும் போச்சு, வேலையும் போச்சு என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“எழுந்து வா மேடம், ஷெட்டாண்ட போலாம்.”

போய்ப் பார்த்தால், பொடிக் கன்றுகள் முழங்கால் உயரம்! அமுக்குவதற்குப் பக்கத்தில் பெரியது இல்லாததால் மெதுவாக, ஆனால் தண்டு பருத்து வளர்ந்திருந்தன. மழை விடுவதற்குள் ரெண்டு வரிசையையும் நட்டு முடித்தோம்.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இன்றைக்குத் தரம் பிரிக்க மெஷினே இருக்கிறது. வலையைக் கட்டி உருட்டினோம் என்றால் சிரிப்பார்கள்... முன் ரெண்டு வரிசையின் நிழலில்தான் இப்போது ஊரே உட்கார்ந்து வலை பின்னுகிறது. அஞ்சலைக்கும் எனக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இதான் எங்க மேடம்! இந்த மரத்தையெல்லாம் குப்பையில கொட்டச் சொன்னது இதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மானம் போனது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதே இல்லை.