பூஜையில் வைத்த போர்டு

ஆயுத பூஜையன்று மதியம்தான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் வடிவமைத்த சர்க்யூட் போர்டு சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் போய்விட்டது. பக்கத்திலேயே ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்குரூடிரைவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பம்மலில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. மீன்பிடிப் படகு எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள்களை வைத்துச் சொல்லும் ஜிபிஎஸ் ரிசீவர், தீப்பெட்டி அளவில், வெளிநாட்டிலிருந்து வரும். அதற்கு மின்சாரம் கொடுத்து, அது சொல்வதைத் திரையில் காட்டும் சர்க்யூட் என்னுடையது. தோல் பதனிடும் தொட்டியில் நின்றவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள். "முடிஞ்சிடுச்சு சார்" என்று இரண்டு நாள் முன்பே முதலாளியிடம் சொல்லியிருந்தேன், மற்றவர்கள் காதிலும் விழும்படி.

பூஜைக்கு மறுநாள் படகுக்காரர் ஒருவர் வந்து பார்த்து ஆர்டர் கொடுத்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார்.

நான் மறந்தது ஒரு பட்டன் பேட்டரி. அது இருந்தால் மின்சாரம் போனாலும் ரிசீவருக்கு நேரமும் கடைசியாக இருந்த இடமும் மறக்காது. இல்லாவிட்டால் வானத்தை முதலிலிருந்து தேடும். கால் மணி நேரம்கூட ஆகும். சோதித்த நாட்களில் நான் அதை அணைத்ததே இல்லை.

பத்து நிமிட வேலை. ஆனால் காலையில் ஒருவர் ஸ்குரூடிரைவரை எடுக்கப்போனபோது, "பூஜையில வெச்சத நாளைக்குத்தான் தொடணும்" என்று முதலாளி அதட்டியிருந்தார். எடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காலையில் சீக்கிரம் வந்து வைத்துவிடலாம் என்று பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் படகுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மொட்டைமாடியில் ஆன்டெனாவை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். திரையில் கோடுகள் மட்டும். வெயில் ஏறியது.

"நாம பம்மல்ல கீறோம்னு எனக்கே தெரியும். உன் பொட்டிக்கு இன்னும் தெரிலயேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவழியாக இடத்தைச் சொல்லும் எண்கள் வந்தன. முதலாளி முகம் மலர்ந்தது. படகுக்காரர் குனிந்து தானே ஸ்விட்சை அணைத்து, மறுபடி போட்டார்.

"கடல்ல இன்ஜின் நின்னுபோச்சுன்னா?"

மறுபடியும் கோடுகள்.

"எல்லா மிஷினும் இப்டிதானா?"

ஆமாம் என்றால் நம்பிவிடுவார். முதலாளி என்னையே பார்த்தார்.

"இல்லண்ணா. ஒரு பேட்டரி வெக்கணும். நான் மறந்துட்டேன். நேத்தே தெரியும்."

"வெச்சிட்டு சொல்லியனுப்பு, வந்து பாக்கறேன்" என்று அவர் இறங்கிப் போனார்.

முதலாளி கத்தவில்லை. "நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனேம்மா. சாமியா கோவிச்சுக்கப்போவுது?"

வேலை நிரந்தரமாவதை மூன்று மாதம் தள்ளிவைத்தார். மூன்று மாதம் என்றால் தை. அப்பாவிடம் சொன்னபோது, "மாப்ள வீட்லயும் தையிலதான் வர்றோம்னாங்க" என்றார்.

அதற்கு முன், அன்று மதியமே, பேட்டரியை வைத்தேன். அயர்ன் சூடானதும் பிடியில் காய்ந்திருந்த சந்தனம் பொடிப்பொடியாக என் விரலில் உதிர்ந்தது.