நின்ற இடத்திலேயே நடந்தவள்

டில்லியின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கவனித்தது நான்தான். எங்கள் கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வாழைத்தண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தான். “கண்ணு இன்னாடா மஞ்சளா கீது?” என்றேன். “லைட்டுக்கா” என்றான். எழுப்பிப் பக்கத்து மருந்துக்கடை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். அங்கேயும் மஞ்சள்தான். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

டில்லிபாபு என் தம்பி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறான். நான் கஸ்தூரி. வீட்டுக்காரர் சேகரும் நானும் திருவொற்றியூரில் சாயங்கால அத்தோக் கடை நடத்துகிறோம். அத்தோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வடசென்னைக்குப் பழக்கிவிட்ட பண்டம் அது. வெந்த நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (பொரித்த தட்டை) எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தர வேண்டும். கரண்டியால் கிளறினால் வாடிக்கைக்காரர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்து இரண்டு பெயர் சொன்னார்கள். ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் (உடம்பின் காவல்படையே ஈரலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவது, வேலியே பயிரை மேய்கிற கதை). அது கவனிக்கப்படாமல் முற்றியதால் சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டுச் சுருங்கிப்போவது). மருந்து கொஞ்ச காலம் தாங்கும், பிறகு மாற்று ஈரல்தான் என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி போடுவானா?” என்பதுதான். என் தம்பி டீயைத் தவிர எதையும் தொடாதவன். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம், “போட்டிருந்தா மட்டும் வுட்ருவமா? நீ ஆப்பிளக் குடுத்துட்டு கெளம்பு” என்று சொல்ல ஆரம்பித்தேன். இதே நோயில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வாக்கியத்தை இலவசமாகத் தருகிறேன்.

டில்லியின் மனைவி வனிதாவின் ரத்த வகை பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. ஈரலில் பாதிக்குமேல் வெட்டிக் கொடுத்தாலும் மிச்சம் வளர்ந்துவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். “எடுத்துக்கோங்க” என்று எழுந்துவிட்டேன். “உக்காருங்கம்மா, மொதல்ல உங்களை டெஸ்ட் பண்ணணும்” என்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எனக்கு ஸ்டீட்டோசிஸ் (ஈரலில் கொழுப்பு படிவது). அந்த நிலையில் வெட்டினால் எனக்கும் ஆபத்து, வைத்தால் அவனுக்கும் அது சரியாக வேலை செய்யாது. “பத்து கிலோவாவது குறைங்க. உடம்பு இளைக்கும்போது ஈரல்ல இருக்கிற கொழுப்புதான் சீக்கிரம் கரையும். மூணு மாசம் பார்ப்போம்” என்றார். அதற்குமேல் தள்ளிப்போட டில்லியின் உடம்பு விடாது என்பதை அவர் சொல்லவில்லை. அவன் வயிற்றில் சேர்ந்த நீரை ஊசி போட்டு எடுத்த பாட்டிலைப் பார்த்திருந்த எனக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை.

சேகர் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தார். அதைப் போனில் ஒரு செயலியோடு சேர்த்தோம். வயது, எடை, என்ன வேலை என்று கேட்டது. “நாள் முழுக்க நின்று செய்யும் வேலை” என்று போட்டேன். தினம் இத்தனை கலோரி (உணவு தரும் சக்தியின் அளவு) சாப்பிடலாம் என்று ஒரு வரம்பு வந்தது. உழைத்தால் வாட்ச் அதைக் கணக்கிட்டு வரம்பைக் கூட்டித் தரும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று மெச்சிக்கொண்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒரு பருக்கை ஏமாற்றவில்லை. இட்லியை எண்ணினேன், எண்ணெயை ஸ்பூனில் அளந்தேன். கடை முடித்து வீட்டுக்கு வந்தால் போனில் பச்சை நிறத்தில், இன்னும் இவ்வளவு சாப்பிடலாம் என்று நிற்கும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் தாராளமாக அதற்குள் அடங்கும். உழைத்த உடம்புக்குக் கொடுக்காமல் விட்டால் ரத்தம் சுண்டிவிடும் என்று சேகரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கவனித்தார். வாட்ச் தினமும் பாராட்டு வேறு அனுப்பியது. என் வாழ்நாளில் என்னை அத்தனை பாராட்டியவர் யாரும் கிடையாது.

முதல் மாதம் முடிந்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஏறியிருந்தது.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “அம்மா, இஷ்டம் இல்லன்னா தப்பே கிடையாது. உங்க ஈரல் பொருந்தலைன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது.” தானம் தருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வாசலைத் திறந்து காட்டுவது அவர்கள் கடமை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நல்ல ஏற்பாடுதான். அன்றைக்கு எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. பயந்து தின்று உடம்பை ஏற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

வெளியே வந்தேன். வனிதா என் முகத்தையே பார்த்தாள். டில்லிதான் பேசினான். “அக்கா, முடியலன்னா வுட்று. நான் ஒண்ணியும் கோச்சிக்க மாட்டேன்.”

அந்த இடத்திலேயே ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே போனை அவன் மடியில் போட்டு, “பாருடா, நல்லா பாரு. இது சொன்னதுக்கு மேல ஒரு வாய் துன்னுருந்தா என்ன செருப்பால அடி” என்றேன். நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டில்லி போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். யார்டில் பெட்டி பெட்டியாகக் கணக்குப் பார்த்த பழக்கம். “ஒரு நாளைக்கு இம்மா தூரம் எங்கக்கா நடக்குற?” என்று கேட்டான். “கடையிலதான்” என்றேன். “நம்ப கட இன்னா மெரினா பீச்சா?” என்றான்.

அன்று சாயங்காலம் வனிதா தடுத்தும் கேட்காமல் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். கூட்டம் ஏறிய நேரம். இடது கை நிறைய வளையல் என்பதால் வாட்ச்சை நான் வலது கையில்தான் கட்டுவேன். தட்டு தட்டாகப் பிசைந்துகொண்டிருந்தேன். டில்லி என் மணிக்கட்டையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, கைய எடு” என்றான். எடுத்தேன். “இப்போ பெச.” பிசைந்தேன். “நீ நின்ன எடத்துல நின்னுகினு கீற. இது ஏறிகினே போவுது. ஒரு தட்டு அத்தோ பெசஞ்சா நீ விம்கோ நகர் தாண்டிடுற போல” என்றான்.

நம்பாமல் வாட்ச்சைக் கழற்றி அவன் கையில் கட்டினேன். தெருமுனை வரைக்கும் நடந்தால் மூச்சு வாங்குகிறவன், ஸ்டூலில் உட்கார்ந்தபடி கோஸையும் நூடுல்ஸையும் பிசைந்தான். கொஞ்ச நேரத்தில் வாட்ச் அதிர்ந்து, அருமையான நடை என்று அவனைப் பாராட்டியது. டில்லி சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். “நான் ரன்னர் ஆயிட்டேன் மாமா” என்று சேகரிடம் கையை நீட்டினான். சேகருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் பைக்கின் பின்னால் நான் உட்கார்ந்து எக்ஸ்பிரஸ் சாலைப் பள்ளங்களில் குலுங்கி வந்ததையும் அது நடையாக எழுதியிருக்கும் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நானோ கரண்டியைத் தேடினேன், அந்த வாட்ச்சை உடைக்க.

மறுநாளே ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் போனேன். சின்னப் பெண், பொறுமையான குணம். “வாட்ச் கையாட்டத்தை வச்சு யூகம்தான் பண்ணுதுக்கா” என்றாள். இன்னொரு தவறையும் காட்டினாள். நின்று செய்யும் வேலை என்று முதலிலேயே நான் போட்டிருந்ததால், கடை வேலைக்கான சக்தியைச் செயலி என் வரம்பில் அப்போதே சேர்த்துவிட்டது. வாட்ச் அதே வேலையை மறுபடி வரவு வைத்தது, அதுவும் பிசைந்ததை நடந்ததாக நினைத்து. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற தாராளம்.

அவள் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்கிறேன். சாப்பாட்டை ஒரே அளவில் நிலையாக வையுங்கள். வாட்ச் கூட்டித் தருவதைச் சாப்பிடாதீர்கள். நேற்றைவிட இன்று அதிகம் நடந்தோமா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் காலையில் பாருங்கள், ஆனால் ஒரு நாள் ஏறியதற்கு அழாதீர்கள். உப்பு கூடினால்கூட ஏறும். இரண்டு மூன்று வாரம் சேர்த்துப் பார்த்து, இறங்கவே இல்லை என்றால் மட்டும் தட்டில் கொஞ்சம் குறையுங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஆலோசகர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

இவ்வளவு கேட்டும் எனக்குப் புத்தி வந்ததா? போன மாதத்தையும் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக ஒரு வாரம் ஓட்டினேன். கொதிக்கும் எண்ணெய் முன்னால் கண் இருட்டியது. சேகர் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு வார்டிலிருந்து வந்திருக்கும். அந்தச் சின்னப் பெண் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். பட்டினி போட்டு வேகமாக இளைத்தால் அதுவும் ஈரலைப் படுத்தும் என்று விளக்கினாள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், முட்டை, மீன், பயறு கண்டிப்பாக வேண்டும் என்றாள். காசிமேட்டுச் சங்கரா மீனைக் குழம்பாகச் சாப்பிடலாம், வறுவலாக வேண்டாம் என்றாள். குழம்பையாவது விட்டுவைத்தாளே என்று மகிழ்ந்தேன்.

அதன் பிறகுதான் உண்மையாக நடந்தேன். விடிந்ததும் கடற்கரைச் சாலையில், அலை தடுக்கப் போட்ட கருங்கல் ஓரமாக, டிரெய்லர்களின் வரிசைக்கு எதிர்த்திசையில் நடப்பேன். டிரைவர்கள் பழகிவிட்டார்கள். “இன்னாக்கா, போலீஸ் செலக்‌ஷனா?” என்பார்கள். “இல்ல, என் தம்பிக்கு லிவர் செலக்‌ஷன்” என்பேன். அடுத்த நாளிலிருந்து கிண்டல் இல்லை, ஒருத்தர் தவறாமல் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடையில் டில்லிதான் காவல். முடிந்த நாளெல்லாம் வந்து ஸ்டூலில் உட்கார்வான். உடைந்த பேஜோவை என் கை தன்னால் வாய்க்குக் கொண்டுபோகும். அதை நான் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை என்பதே அவன் சொல்லித்தான் தெரிந்தது. “அக்கா, கைய எடு. அது என் லிவரு. அது மேல எண்ணெ ஊத்தாத” என்பான். வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொல்வான். நானும் விடமாட்டேன். “இன்னும் என் வயித்துலதாண்டா கீது, வாடக குடு” என்பேன். செத்துப்போவானோ என்று பயந்துகொண்டிருந்த காலம்தான் அது. ஆனாலும் அவனும் நானும் அத்தனை சிரித்தது அந்த மாதங்களில்தான்.

எடை அடம்பிடித்து, பிறகு இறங்கியது. ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். மூன்றாவது மாதக் கடைசியில் மறுபடி ஸ்கேன். நடைபாதையில் நான்கு பேரும் காத்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து, “கஸ்தூரிம்மா, கொழுப்பு நல்லா கரைஞ்சிருக்கு. இப்ப நாங்க எடுத்துக்கலாம்” என்றார். தன் உடம்பை வெட்டலாம் என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷி அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வனிதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, நான்தான் தூங்கிவிட்டேனே. விழித்த பிறகு வலி இருந்தது, மறைக்க மாட்டேன். இருமவும் தும்மவும் பயமாக இருந்தது. பத்தாவது நாளுக்குள் டில்லிக்குப் பசி வந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். என் வார்டிலிருந்து அவன் வார்டு வரை நடந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் ஒன்றாக ஸ்கேன் எடுத்தார்கள். என்னிடம் விட்டுவைத்த துண்டு வளர்ந்து கிட்டத்தட்ட முழு ஈரலாகியிருந்தது. அவனுக்குள் போன துண்டும் அப்படியே. ஒரே நாளில், ஒன்றிலிருந்து பிரிந்து, தனித்தனியாக இரண்டு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. காலம் ஒரு பக்கமாகத்தான் ஓடும், உடம்பில் எல்லாம் தேய்ந்துகொண்டேதான் போகும் என்று நினைத்திருந்தேன். எனக்குள்ளேயே மூன்று மாதக் குழந்தை மாதிரி ஒன்று இருப்பதை அந்தப் படத்தில் பார்த்தபோது, எதையும் தொடாமல் அப்படியே நிற்க வேண்டும்போல் இருந்தது.

டில்லி இரண்டு படங்களையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். “அப்போ நாம ரெட்டப் புள்ளைங்க” என்றான். “இனிமே இன்னாத்துக்கு அக்கா? வா கஸ்தூரி, டீ குடிக்கலாம்.”

முப்பத்தேழு வருஷத்தில் அவன் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். அவன் அதற்குள் அந்த நீண்ட நடைபாதையில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.