டாக்டர் செண்பகம் கேட்ட மிச்ச வீடியோ

பல் டாக்டர் செண்பகம் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. உடனே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டின. "தங்கமான டாக்டர்", "கைராசிக்காரர்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் டாக்டரிடம் எல்லாரும் பல்லைக் காட்டுவார்கள். எங்கள் சங்கரன்கோவில்காரர்கள் கடைசியில் முதுகையும் காட்டினார்கள். காட்ட வைத்தவள் நான். அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லாமல் நான் எப்படிக் கைகூப்புவது?

போன வருடம் என் மாமாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்க நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் முதலில் ஈறில் மரப்பு மருந்தைத் தடவினார். ஊசிக்குழலை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினார். தாடையின் பின்கோடியில் குத்தி, எறும்பு ஊருகிற வேகத்தில் மருந்தை ஏற்றினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எம்மா, சீக்கிரம் புடுங்குங்க. மேலநீலிதநல்லூர் பஸ் போயிரும்" என்றார் மாமா.

"பஸ் போனா அடுத்தது வரும் அண்ணாச்சி. மரக்காம புடுங்குனா உங்க உசுருல்லா போயிட்டு வரும்."

ஈறைக் குத்திப் பார்த்து, மாமாவுக்கு உறைக்கவில்லை என்று தெரிந்த பிறகே பல் பிடுங்கும் குறட்டைத் தொட்டார். பல் வந்ததே மாமாவுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் என் வால் ஆடியது. பாதி உதடு மரத்துக் கிடந்த மாமாவை "பப்படம்" சொல்லச் சொன்னேன், காற்றுதான் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்; சட்டை குடித்தது. அதை வீடியோ எடுத்து, "செண்பகம் டாக்டர் ஊசி: வாய்க்கோணல் இலவசம்" என்று எழுதிக் குழுவில் போட்டேன். ஊரே சிரித்தது. இரண்டே நாளில் சிரிப்பு வதந்தியானது: அந்த ஊசி போட்டால் பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத்தில் மாமாவின் உதடு சரியாகி, இட்லி தின்று, பக்கத்து வீட்டாரோடு சண்டையும் போட்டதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் மாரியக்கா டாக்டரிடம் போய், "ஊசி வேண்டாம், அப்படியே புடுங்குங்க" என்று நின்றார். டாக்டர் மறுத்துவிட்டார். அக்கா வேறு எங்கோ போய், ஊசியில்லாமலே பிடுங்கிக்கொண்டு, மயங்கி விழுந்து, ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார். வலி தெரியாமல் பிடுங்குகிறவரின் வாசல்வரை வந்த பிறகு!

டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏட்டி, நல்லாத்தான் எடுத்திருக்க. நானே சிரிச்சிட்டேன். ஆனா பாதியத்தான போட்டிருக்க? உங்க மாமா இப்ப நல்லா பேசுதாருல்லா, அந்த மிச்சத்தையும் எடுத்துப் போடு. சனம் பயந்து கெடக்கு."

"போட்டுருதேன் டாக்டர்."

போடவில்லை. சரியாக இருக்கிற வாயைப் பார்த்து எவன் சிரிப்பான்? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். திட்டாமல் விட்டதற்கு அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமாவைப் பேச வைத்து எடுத்துப் போட்டேன். மேலும் நாலு கைகூப்பல்தான் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு மாரியக்காவிடம் ஓடினேன். பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இத அன்னைக்கே காட்டித் தொலைச்சா என்னட்டி? இந்தப் பக்கமும் ஒரு பல்லு குத்துது. இனி நான் யாருகிட்ட போவேன்?"

இந்த வாரம் அக்காவை வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. மரத்துவிட்டதா என்று பார்க்காமல் குறட்டை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துவேன். செண்பகம் டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்பு. அதையாவது பாதியில் விடமாட்டேன்.