கன்னத்துப் பொட்டு

என் மகள் தவழ்ந்ததை நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் கணினிப் பராமரிப்பு வேலை. வீடு எல்லைக்கு இப்பக்கம், ஸ்கூடாயில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நசுங்கித் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிறுகளில் ஓவர்டைம். அவளுடைய முதல் வருடத்தை என் மனைவிதான் கைப்பேசியில் படமெடுத்தாள். கைப்பேசி நிறைந்ததும் தன் மடிக்கணினி வழியாக ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைத்தாள், ஓய்வாக இருக்கும்போது நான் பார்ப்பதற்கென்று.

ஓய்வு வருமுன் டிஸ்க் மக்கர் செய்தது. ஒரு பொது விடுமுறையன்று அதை என் லினக்ஸ் கணினியில் செருகினேன். படங்களை நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை அழித்துச் சீராக்குவது திட்டம். கல்யாணப் படங்கள் வந்தன. மகளின் ஃபோல்டரில் மட்டும், படங்களைப் பட்டியலிடச் சொல்லி ls *.jpg என்று தட்டினால் அப்படி எதுவும் இல்லை என்றது திரை. JPG என்று பெரிய எழுத்தில் போட்டேன். வெறும் நட்சத்திரக் குறி போட்டேன். எந்தப் பெயராக இருந்தாலும் பிடிக்க வேண்டிய குறி அது. அதற்கும் ஒன்றுமில்லை. வேறெங்கோ வைத்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். சமையலறையில்தான் இருந்தாள், கேட்கவில்லை. கணினி என் தொழில் என்ற திமிர். டிஸ்க்கை அழித்து, அலுவலகக் கோப்புகளால் நிரப்பினேன்.

மறுவாரம் பொந்தியானிலிருந்து மாமியார் வந்தார். பேத்தியின் படங்களைக் காட்ட மனைவி டிஸ்க்கைத் திறந்தாள். என் அலுவலகக் கோப்புகள்தான் இருந்தன. விசாரித்தபோது தெரிந்தது: ஒவ்வொரு படத்தின் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். வெளியே தூக்கிப் போகும்போது குழந்தையின் கன்னத்தில் மையால் வைப்பாளே, அதே திருஷ்டிப் பொட்டு. படத்துக்கும் கண் பட்டுவிடக் கூடாதாம். அவளுடைய மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்திருக்கின்றன. லினக்ஸிலோ புள்ளியில் தொடங்கும் பெயர் மறைந்த கோப்பு. நட்சத்திரக் குறி அதைத் தொடாது; மறைந்ததையும் காட்டும் ls -a போட்டிருந்தால் தெரிந்திருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றது இது.

மீட்பு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். தொட்டிலில் பாதி மட்டும் தெரியும் ஒரே ஒரு படம் வந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. கோப்புக்குப் போய் யாராவது பொட்டு வைப்பார்களா என்று அவள்மேலேயே பாய்ந்தேன். என் திரையில் ஒன்றும் வரவில்லை, அதனால் இல்லையென்று நினைத்தேன் என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்லா. நீங்க பாக்கலன்னா இல்லன்னு ஆயிருமா? அவ தவழ்ந்ததகூடத்தான் நீங்க பாக்கல."