பின் அடித்த பக்கங்கள்

வாடகை நூலகத்துக் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: நம் கையிலிருந்து போவது புத்தகம், நம் தலைக்குத் திரும்பி வருவது திட்டு. கதையின் முடிவு பிடிக்கவில்லை என்றால் எழுதியவரையா தேடிப் போவார்கள்? என்னைத்தான் கேட்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வெளியூர் வேலைக்குப் போன பிறகு, மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டு முதலியார்பேட்டையில் இந்த நூலகத்துக்கு வந்து உட்காருகிறேன். பிள்ளையை வளர்த்து, வளர்ந்த பிள்ளையிடம் பேச்சும் வாங்கிய தாய்மாரே, நமக்குள் பேசிக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோரு புத்தகங்கள்

பவானி கல்லூரியில் தமிழ் பி.ஏ. கடைசி வருஷம். வீடு தேங்காய்த்திட்டில். அம்மா அஞ்சலை மீன் விற்கிறாள். ஒருநாள் பவானி வந்து, "ஆன்ட்டி, சின்னப் பிள்ளையா ஆரம்பிச்சு பெரிய ஆளா முடியிற கதைங்க வேணும். காலேஜ்ல கட்டுரை எழுதணும்" என்றாள்.

"எல்லாக் கதையும் அப்படித்தானே பாப்பா? இல்லன்னா நடுவுல செத்துப்போவாங்க" என்றேன்.

சிரித்தாள். உடம்பு வளர்வது கணக்கில்லையாம். நேற்று வரை தெரியாத ஒன்று தெரிந்துபோய், அதற்குப் பிறகு பழையபடி இருக்க முடியாமல் ஆகிறதே, அந்தக் கதையாம். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கத் தூசி தட்டிப் பதினோரு புத்தகம் எடுத்தோம். ஓனரிடம் கேட்டு, கீழ்த்தட்டு ஒன்றை ஒழித்து அங்கே அடுக்கினேன். ஏழு பையன் கதை, நாலு பெண் கதை. எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு பவானி சொன்னாள்: "பையனுங்க ஊரை விட்டுக் கிளம்புனா புக்கு முடியுது. பொண்ணுங்களுக்குத் தாலி கட்டுனா முடியுது. நாலு பேர்ல தப்பிச்சது ஒருத்திதான் ஆன்ட்டி."

பின் அடித்த பாவம்

அந்தத் தட்டு இருப்பது தெரிந்ததும் அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். "புள்ளைங்க படிக்கிற புக்குல லவ்வு கிவ்வு இருந்தா நீதாம்மா பொறுப்பு" என்று ஒரு அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பெற்றவள்தானே நானும். அருள் நிறைந்த மரியே ஒன்று சொல்லிவிட்டு, ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தேன். பதினோரு புத்தகத்தையும் முழுக்கப் படிக்க யாரால் முடியும்? பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போவேன். ஒரு பையனும் பெண்ணும் கையைப் பிடித்தால், அந்த இடத்தில் ரெண்டு மூணு தாளைச் சேர்த்து ஒரு பின்.

அதுவரை பிள்ளைகள் யாரும் சீண்டாத தட்டு, அன்றிலிருந்து புத்தகமெல்லாம் வெளியே போய்க் காலியாகவே இருந்தது. புத்தகம் திரும்பி வரும்போது, பின்னைப் பதமாகக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி குத்தியிருப்பார்கள். பிளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தி, புதிதாக வந்த புத்தகத்தை வெகுநேரம் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்: "ஆன்ட்டி, இதுல ஒரு பின்னுகூட இல்லையே, நல்லாயிருக்குமா?"

கூடை வாசலில்

ஆடி மாசம். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு அஞ்சலை உள்ளே வந்தாள். கவுன்டரில் ஒரு புத்தகத்தைப் பொத்தென்று போட்டாள். பவானி சொன்னாளே, தப்பித்த ஒருத்தி, அவளுடைய கதை.

"இன்னாக்கா குடுத்த எம் பொண்ணுக்கு? குருசுக்குப்பத்துல மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கேன். ஆடி முடிஞ்சதும் நிச்சயம். இவ இன்னான்னா, மெட்ராஸ்ல எம்.ஏ. சீட்டு கெடச்சிருக்கு, போறேங்குறா. பத்து நாள்ல போய்ச் சேரணுமாம். கேட்டா இந்தப் பொண்ணு போவலையான்னு புக்கக் காட்றா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சொல்லு, இது நல்ல பொண்ணா, கெட்ட பொண்ணா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "நான் முழுசாப் படிக்கல அஞ்சலை. பின் அடிச்ச எடத்தை மட்டும்தான் பாத்தேன்" என்றேன்.

"படிக்காமயே அடிச்சியா? நான் செவுளைத் தெறந்து காட்டித்தான்க்கா மீனே விக்கிறேன்."

நாலு மத்தியானம்

மறுநாளிலிருந்து மீன் விற்று முடித்ததும் வருவாள். நான் சத்தமாகப் படிப்பேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாள். கதையில் வரும் பெண் வாயடித்தால், "பவானி இப்படித்தான், அச்சு அசல்" என்பாள். பின் அடித்த இடம் வந்ததும் தாண்டிப் போகப் பார்த்தேன். "எடு அத. எம் பொண்ணு படிச்சத நான் கேக்கக் கூடாதா?" என்றாள்.

எடுத்தேன். முதல் வரியில்தான் கையைப் பிடிக்கிறான். மிச்ச ஆறு பக்கமும் அவன் வராமல் போனது, அவள் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதது, வீட்டுக்கு வந்தது, அவள் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டது, அவ்வளவுதான். இதற்கா பின் அடித்தேன் என்று எனக்கு முகம் சுருங்கிப்போனது. அஞ்சலைக்கு வேறு குறை: "அந்தப் பொண்ணு அழுவுது, சிரிக்குது, ரோசம் பண்ணுது, எல்லாம் எழுதியிருக்கு. பெத்தவ சோறு போட்டாளே, அவ துன்னாளா இல்லையான்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

கடைசி அத்தியாயம்

ஒரே ஒரு அத்தியாயம் மீதி இருந்தபோது அஞ்சலை வருவதை நிறுத்திவிட்டாள். பவானிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பத்து நாள் கெடு முடிகிற நாளும் வந்தது. காலையில் ஜெபமாலை சொன்னேன். பவானி போகவேண்டும் என்று வேண்டினேனா, அஞ்சலை மனசு உடையக்கூடாது என்று வேண்டினேனா, எனக்கே தெளிவில்லை. என் மகள் பெங்களூருக்குப் போன அன்று நான் இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்தவள்தானே.

பதினோரு மணிக்கு அஞ்சலை வந்தாள். கூடை இல்லை. நல்ல புடவை கட்டியிருந்தாள். "இப்பத்தான் மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்திட்டு வரேன்" என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டேன். ரெண்டு வருசம் காத்திருந்தா பாப்போம். இல்லன்னா அவங்க வழிய அவங்க பாக்கட்டும்." நான் அவசர அவசரமாகப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். "அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புற எடம் அஞ்சலை, கேளு" என்றேன். அவள் எட்டி, பக்கத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"வேணாங்க்கா. இவ போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ணட்டும், அப்புறம் படி."

புத்தகத்துப் பிள்ளைகள் இருநூறு பக்கத்தில் வளர்ந்து ஆளாகிவிடுகிறார்கள். அம்மாக்கள் நாம் ஆளாவதற்குத்தான் திரும்பத் திரும்ப ரினீவல் போடவேண்டியிருக்கிறது.